பழைய நீதிமன்றக் கட்டடத்தை இன்றைய பயன்பாட்டுக்கு ஏற்பச் சீரமைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நூறாண்டு கடந்த நீதிமன்றக் கட்டடம் ஒன்று கைக்கு வந்ததும் வழக்கறிஞர்கள், அதிகாரிகள், பொறியாளர்கள், ஊர்க்குழுவினர் என ஆளாளுக்கு ஒரு கவலை எழும். அவற்றில் திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சில பதில்கள் நீளமானவை. அந்த இடங்களில்தான் பணமும் காலமும் அதிகம் கரைகின்றன.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது எளிதல்லவா?

சில சமயம் எளிதுதான், மறுக்க மாட்டேன். ஆனால் இடிக்கும் முன் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். முழங்கை நீளத்துக்கும் தடித்த சுவர்கள், இன்றைய கட்டடங்களில் கனவு காணக்கூட முடியாத கூரை உயரம், ஊரின் நடுவில் எல்லோருக்கும் வழி தெரிந்த இடம். நியூயார்க்கின் ஜெஃபர்சன் மார்க்கெட் நீதிமன்றம் 1877இல் கட்டி முடிக்கப்பட்டது. 1945இல் நீதிமன்றம் வெளியேறியது; பிறகு இடிக்கும் பேச்சும் வந்தது. அக்கம்பக்கத்தார் விடாமல் போராடினார்கள். 1967 முதல் அது பொது நூலகமாக இயங்குகிறது. அதே இடத்தில் புதிதாக எழுப்பப்படும் எந்த நூலகத்துக்கும் அந்தக் கோபுரம் கிடைத்திருக்காது.

வேலையை எங்கிருந்து தொடங்குவது?

பெரும்பாலோர் முகப்பிலிருந்து தொடங்குகிறார்கள். வர்ணம், விளக்கு, தோட்டம். நான் வழிகளிலிருந்து தொடங்கச் சொல்வேன்.

நீதிமன்றத்தில் மூன்று வகை மக்கள் நடமாடுகிறார்கள். பொதுமக்களும் சாட்சிகளும் வழக்கறிஞர்களும் ஒரு வழி. நீதிபதியும் அலுவலர்களும் ஒரு வழி. காவலில் இருப்பவர்கள் ஒரு வழி. இந்த மூன்றும் விசாரணைக் கூடத்தில் மட்டுமே சந்திக்க வேண்டும். நடைக்கூடத்திலோ கழிப்பறை வாசலிலோ சந்தித்தால் வம்பு. தீர்ப்பு சொல்லப்போகிற நீதிபதியும் ஒரு தரப்புச் சாட்சியும் ஒரே படிக்கட்டில் எதிரெதிரே வந்தாலே மற்றத் தரப்புக்குச் சந்தேகம் பிறந்துவிடும்.

தரைப்படத்தை விரித்து இந்த மூன்று வழிகளையும் மூன்று நிறத்தில் வரையுங்கள். பெரும்பாலும் ஓர் ஆச்சரியம் காத்திருக்கும்: பழைய கட்டடக்காரர்கள் இதை முன்பே யோசித்திருப்பார்கள். நீதிபதி அறைக்குப் பின்னால் ஒரு குறுகிய படிக்கட்டு, கீழ்த்தளக் காவலறையிலிருந்து நேராகக் கூண்டுக்குள் ஏறும் இன்னொரு படிக்கட்டு. பின்னால் வந்த யாரோ அதில் பழைய நாற்காலிகளைப் போட்டுப் பூட்டியிருப்பார்கள். ‘உபயோகமில்லாத படிக்கட்டு’ என்று அதை உடைத்துத் தள்ளிவிட்டு, அதே வேலைக்குப் புதிய வழியை லட்சக்கணக்கில் செலவழித்துக் கட்டுவதுதான் இத்துறையில் நடக்கும் மிகப் பெரிய வேடிக்கை.

அன்றைக்கு இல்லாதது வாயிலில் நடக்கும் பாதுகாப்புச் சோதனை. அதற்கு வரிசை நிற்க இடம், பைகளைச் சோதிக்கும் கருவி, தடுத்து நிறுத்தப்பட்டவரோடு பேச ஒரு மூலை எல்லாம் வேண்டும். இதை நடுக்கூடத்தில் கண்ணாடித் தடுப்புப் போட்டுத் திணிக்காதீர்கள். பக்கவாட்டுச் சிறகின் தரைத்தளத்தில் வைத்து, சோதனை முடிந்தவர்கள் நடுக்கூடத்துக்குள் நுழையும்படி அமைத்தால் அந்தக் கூடம் பிழைக்கும்.

நீதிமன்றமாகவே தொடர்வது நல்லதா, வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதா?

என் விருப்பம் முதலாவதுதான். ஆனால் எந்த வகை வழக்குகள் என்பதைப் பொறுத்தது. மேல்முறையீட்டுக்குப் பழைய கட்டடம் மிகப் பொருத்தம்: கைதிகள் வருவது அரிது, சாட்சிகள் இல்லை, வாதம் மட்டுமே. உரிமையியல் வழக்குகளும் அப்படியே, சாட்சிகள் வந்தாலும் காவலர் துணையோடு வருவதில்லை. குற்றம் சாட்டப்பட்ட பலர் ஒரே நாளில் காவல் வண்டியில் வந்திறங்கும் விசாரணை நீதிமன்றத்தை அதற்குள் அடைக்க முயன்றால் கட்டடமும் கெடும், காவலர்களுக்கும் நிம்மதி இருக்காது.

லண்டனில் 1913இல் கட்டி முடிக்கப்பட்ட மிடில்செக்ஸ் கில்டுஹால் நெடுங்காலம் குற்றவியல் நீதிமன்றமாக இருந்தது. 2009 அக்டோபரில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் அங்கே குடியேறியது. நீதிபதிகளுக்கு உயர்ந்த மேடை கிடையாது. வளைந்த மேசையில், வழக்கறிஞர்கள் இருக்கும் அதே தரைமட்டத்தில் அமர்கிறார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் என்பதால் அது சாத்தியமாயிற்று. பழைய மர இருக்கைகளையும் வேலைப்பாடுகளையும் அகற்றுவதை எதிர்த்துப் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று வழக்கே தொடர்ந்து தோற்றது. நீதிமன்றத்தைச் சீரமைக்கும் திட்டமே நீதிமன்றம் ஏறியது! அந்த எதிர்ப்பை வெறும் பழைமைப் பித்து என்று நான் ஒதுக்க மாட்டேன். அத்தகைய தச்சுவேலை போனால் போனதுதான்.

வேறு பயன்பாடு என்றால் அருங்காட்சியகம், நூலகம், இசைப்பள்ளி, மக்கள் கூடும் மன்றம் எல்லாம் பொருந்தும். சிங்கப்பூரில் 1939இல் கட்டி முடிக்கப்பட்ட உச்ச நீதிமன்றத்தையும் பக்கத்திலிருந்த நகர மன்றத்தையும் பாலங்களால் இணைத்து, 2015 நவம்பரில் தேசியக் கலைக்கூடமாகத் திறந்தார்கள். கைதிகளை அடைத்துவைத்த அறைகளில் இரண்டை அப்படியே விட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பழைய ஷயர் ஹால், நீதி குறித்த தேசிய அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கே மாணவர்கள் உண்மையான கூண்டில் ஏறி மாதிரி விசாரணை நடத்துகிறார்கள்.

விடுதியாக மாற்றும் யோசனைக்கு மட்டும் தயங்குவேன். அறைக்கு ஒரு குளியலறை என்றால் தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் எல்லாச் சுவர்களையும் துளைத்துக்கொண்டு போகும். எந்தப் பயன்பாடாக இருந்தாலும் ஒரு விசாரணைக் கூடத்தையாவது மேடை, கூண்டு, பார்வையாளர் மாடம் எதுவும் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

எதை வைத்துக்கொள்வது, எதை அகற்றுவது என்று எப்படி முடிவு செய்வது?

முதலில் கட்டடத்தின் எந்தப் பகுதி எந்தக் காலத்தது என்று ஓர் அறிக்கை தயாராக வேண்டும். அதற்கு முன் ஒரு ஆணியைக்கூடப் பிடுங்கக் கூடாது. பழங்கட்டடப் பாதுகாப்பு குறித்த 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம் சொல்வது இன்றும் செல்லும்: ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டமைப்பு நின்றுவிட வேண்டும். ‘அந்தக் காலத்தில் இப்படித்தான் இருந்திருக்கும்’ என்று கற்பனையில் ஒரு வளைவைச் சேர்ப்பதைவிட, வெறுமையாக விடுவது நேர்மை.

பின்னாளில் சேர்ந்தவை எல்லாமே குப்பை அல்ல. ஒட்டுப்பலகைத் தடுப்பும் தொங்கும் செயற்கைக் கூரையும் போகலாம். ஆனால் கம்பிக் கதவு வைத்த பழைய மின்தூக்கி, நீதிபதிகளின் பெயர்ப்பலகை வரிசை போன்றவையும் இப்போது வரலாறுதான்.

வர்ணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கதவு நிலையின் மறைவான மூலையில், விரல் நகம் அளவுக்கு, கூரிய கத்தியால் ஒவ்வோர் அடுக்காகச் சுரண்டுவார்கள். மேலே பளபளக்கும் பழுப்பு எனாமல், அதன் கீழ் அலுவலகப் பச்சை, அதன் கீழ் அழுக்கேறிய மஞ்சள், எல்லாவற்றுக்கும் அடியில் தேக்கின் மீது நேரடியாகப் பூசிய மெழுகு. அந்தச் சின்னச் சதுரம், கட்டடம் திறக்கப்பட்ட நாளில் மரம் மரமாகவே தெரிந்தது என்று சொல்லிவிடும். அதைப் பார்த்த பிறகு வர்ண அட்டையைக் கையில் எடுத்தால் போதும்.

சுவர் ஈரம் கசிந்து காரை பெயர்கிறது. சிமெண்ட் வைத்து அழுத்தமாகப் பூசிவிடலாமா?

கூடாது. இது ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பழைய சுவர் செங்கலோ கல்லோ, சுண்ணாம்புச் சாந்தால் கட்டப்பட்டது. அது ஈரத்தை உள்ளே வாங்கும், வெயிலடித்தால் வெளியே விடும். சிமெண்ட் பூச்சு அந்த வெளிவழியை அடைத்துவிடுகிறது. உள்ளே சிக்கிய நீர் வேறு பக்கம் மேலேறுகிறது. அதில் கரைந்த உப்பு, செங்கலின் முகத்துக்குப் பின்னால் படிகமாகி, செங்கலையே பொரி பொரியாக உதிர்க்கிறது. சுவரைக் காப்பதற்கென்று போட்ட பூச்சு திடமாக நிற்கும், பின்னாலுள்ள சுவர் மாவாகியிருக்கும். சாந்து செங்கலைவிட மென்மையாக இருக்க வேண்டும்; தேய வேண்டியது சாந்து, செங்கல் அல்ல. தேய்ந்த சாந்தை மறுபடி நிரப்பலாம்.

பூச்சைப் பற்றி யோசிக்கும் முன் நீர் வரும் வழியைத் தேடுங்கள். அடைத்துக்கொண்ட கூரை வாய்க்கால், உடைந்த மழைநீர்க் குழாய், சாலையைத் திரும்பத் திரும்ப உயர்த்தியதால் அடித்தளத்துக்கு மேல் ஏறிவிட்ட வெளித்தரை: பெரும்பாலான ஈரச் சுவர்களுக்குக் காரணம் இந்த மூன்றில் ஒன்று. அதைச் சரிசெய்து, நன்கு காயவிட்டு, பிறகு சுண்ணாம்புப் பூச்சுப் பூசுங்கள். அது காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மெல்லத்தான் இறுகும். ஒவ்வொரு பூச்சுக்கும் இடையில் நாள் வேண்டும். திறப்பு விழாத் தேதியை முதலில் குறித்துவிட்டுச் சுண்ணாம்பை அவசரப்படுத்தினால் அது வெடித்துப் பதில் சொல்லும்.

கூடத்தில் யார் பேசுவதும் தெளிவாகக் கேட்கவில்லை. ஒலிபெருக்கி வைத்தால் போதுமா?

போதாது. பல இடங்களில் நிலைமை மோசமாகும். விசாரணைக் கூடம் என்பது கேட்பதற்கான அறை. அங்கே கேட்கவில்லை என்றால் மற்ற அழகெல்லாம் எதற்கு?

உயர்ந்த கூரை, கடினமான பூச்சு, கல் தரை. இந்த மூன்றும் சேர்ந்த அறையில் ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த சொல் வந்து அதன் மேல் விழுகிறது. இதை அளக்கக் கற்றுத்தந்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வாலஸ் சபைன். 1895இல் அங்கே புதிதாகக் கட்டிய விரிவுரைக் கூடத்தில் பேச்சே புரியவில்லை. ஒலி அடங்க ஐந்தரை விநாடி ஆயிற்று. இரவு நேரங்களில், பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எத்தனை விநாடி குறைகிறது என்று அவர் அளந்தார். அதிலிருந்து பிறந்த சூத்திரத்தைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம்: அறையின் கன அளவை 0.161 ஆல் பெருக்கி, அறையின் மொத்த ஒலி உறிஞ்சும் பரப்பால் (ஒவ்வொரு பரப்பையும் அது விழுங்கும் ஒலியின் விகிதத்தால் பெருக்கிக் கூட்டியது) வகுத்தால் ஒலி அடங்கும் நேரம் விநாடிகளில் கிடைக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 15 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 8 மீட்டர் உயரமுள்ள கூடம்: 1,200 கன மீட்டர். வெறுமையாக இருக்கும்போது ஒலி அடங்க 3 விநாடி ஆகிறது என்றால் அங்குள்ள உறிஞ்சும் பரப்பு சுமார் 64 சதுர மீட்டர். பேச்சு தெளிவாக இருக்க 1 விநாடியை ஒட்டி வர வேண்டும். அதற்குத் தேவை 193. இடைவெளி கிட்டத்தட்ட 130. கூரை முழுவதுமே 150 சதுர மீட்டர்தான். அந்தக் கூரையிலோ பூவேலைப்பாடு. அதை மூட யாருக்கு மனம் வரும்?

ஆகவே பிரித்துப் பிரித்துச் சேர்க்க வேண்டும். நடைபாதையிலும் இருக்கைகளுக்கு அடியிலும் 100 சதுர மீட்டர் கம்பளம் 25 அளவுக்குத் தரும். கூரைச் சட்டங்களுக்கு இடையிலுள்ள வெற்றுப் பரப்பில், வேலைப்பாட்டைத் தொடாமல், ஒலி உறிஞ்சும் மெல்லிய பூச்சு 60 சதுர மீட்டர் பூசினால் 42 வரும். பார்வையாளர் பக்கத்துப் பின்சுவரில் துணி போர்த்திய பலகைகள் 40 சதுர மீட்டர், 32 தரும். ஐம்பது பேர் உட்கார்ந்தால் அவர்களே 20 தருவார்கள். கூட்டினால் 119, பழைய 64ஐயும் சேர்த்தால் 183. ஒரு விநாடியை நெருங்கிவிட்டோம். பயன்படுத்தும் பொருளுக்குப் பொருள் இந்த எண்கள் மாறும், வல்லுநர் அளந்து சொல்லட்டும். ஆனால் அணுகுமுறை இதுதான்.

இதற்குப் பிறகுதான் ஒலிபெருக்கி. கூரையை நோக்கி இரைபவை வேண்டாம். ஒல்லியான தூண் வடிவில், அமர்ந்திருப்பவர்களின் காது உயரத்தை நோக்கி ஒலியைக் குறுக்கி அனுப்புபவை போதும். பேச்சை நேரே காதுக்கருவிக்கு அனுப்பும் கம்பிச் சுருளைத் தரைக்கடியில் பதிப்பதையும் இப்போதே திட்டமிடுங்கள். கம்பளம் விரித்த பிறகு நினைவுக்கு வந்து பயனில்லை.

முகப்பில் கம்பீரமான படிகள். சக்கர நாற்காலியில் வருபவர் எப்படி உள்ளே வருவார்?

பின்கட்டில் ஒரு சாய்தளம் போட்டுக் கைகழுவிவிடுவதுதான் வழக்கம். குப்பைத் தொட்டிகளைத் தாண்டி நீதி கேட்க வரச் சொல்வது அவமதிப்பு.

பரவலாக ஏற்கப்பட்ட சாய்வு ஒன்றுக்குப் பன்னிரண்டு. 15 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆறு படிகள் என்றால் 90 சென்டிமீட்டர் ஏற வேண்டும், சாய்தளம் 10.8 மீட்டர் நீளம், அதோடு திரும்பவும் இளைப்பாறவும் சமதளங்கள். முன்புறம் இடமிருந்தால் தோட்டத்தின் தரையையே மெல்ல உயர்த்திப் படிகளின் பக்கவாட்டில் கொண்டுவந்து சேர்க்கலாம். அப்படிச் செய்த இடங்களில் பாதிப்பேர் படியை விட்டுவிட்டு அதில்தான் நடப்பார்கள். இடமில்லாவிட்டால், படிகள் உள்ளிழுத்துக்கொள்ள, அங்கே சக்கர நாற்காலியை ஏற்றிச்செல்லும் தளம் ஒன்று மேலெழும் அமைப்புகள் உள்ளன. விலை அதிகம், பராமரிப்பும் வேண்டும்.

பலர் மறப்பது கூடத்தின் உள்ளே. சாட்சிக் கூண்டு இரண்டு படி உயரம். வழக்கறிஞர் மேசை ஒரு படி. நீதிபதி மேடை நான்கு படி. சக்கர நாற்காலியில் வருபவர் பார்வையாளராக மட்டுமே இருப்பார் என்று யார் சொன்னது? அவர் நீதிபதியாகவும் இருக்கலாம்.

காணொளி விசாரணைக்கான திரைகளையும் கம்பிகளையும் எங்கே மறைப்பது?

பழைய கட்டடங்களில் ஒளிந்திருக்கும் பாதைகள் ஏராளம்: கணப்பிடத்தின் புகைபோக்கி, சுவருக்குள் ஓடும் பழைய காற்றுக் குழல், மரத்தரைக்குக் கீழுள்ள இடைவெளி. சுவரை வெட்டும் முன் இவற்றைத் தேடுங்கள். திரைகளைச் சுவரில் அறையாமல் தனித்து நிற்கும் தாங்கிகளில் வையுங்கள். பத்தாண்டில் அந்தத் தொழில்நுட்பமே மாறிவிடும், சுவரின் ஓட்டை மாறாது. தடித்த சுவர்கள் கம்பியில்லா இணைய அலைகளை விழுங்கிவிடும். அறைக்கு அறை அளந்து பார்த்த பிறகே கருவிகளை வாங்குங்கள்.

குளிர்சாதனம்?

வைக்கலாம், ஆனால் முதலில் ஆணியடித்து மூடிய உயர்சன்னல்களைத் திறந்து பாருங்கள். சூடான காற்று மேலேறி வெளியேறத்தான் அவை அங்கே இருக்கின்றன. பகலில் கடுங்குளிர், இரவில் முழு நிறுத்தம் என்று இயக்கினால் மரப்பலகைச் சுவர்கள் விரிந்து சுருங்கி வெடிக்கும். மிதமாக, சீராக ஓட்டுங்கள். கனமான இயந்திரங்களைப் பழைய கூரை மேல் ஏற்ற வேண்டாம்.

தீ விபத்து குறித்து எவ்வளவு கவலைப்பட வேண்டும்?

கட்டடம் பயன்பாட்டில் இருக்கும்போது கவலைப்படுவதைவிட, வேலை நடக்கும்போது அதிகமாக. பாரிஸின் நோத்ர தாம் தேவாலயம் 2019 ஏப்ரலில் எரிந்ததும், கோபன்ஹேகனின் பழைய பங்குச் சந்தைக் கட்டடம் 2024 ஏப்ரலில் எரிந்ததும் சீரமைப்புப் பணி நடந்துகொண்டிருந்தபோதுதான். பற்றவைப்பு, ஈயம் உருக்குதல், வர்ணத்தைச் சூடுகாட்டி உரித்தல் போன்ற வேலைகளுக்கு அன்றன்றைக்கு எழுத்துமூல அனுமதி வேண்டும். வேலை முடிந்த பின்பும் ஒருவர் அங்கேயே காவல் இருக்க வேண்டும். கூரைக்கடியில் தணல் பல மணி நேரம் உறங்கும்.

வழக்குக் கட்டுகளை மறந்துவிடாதீர்கள். டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் 1922 ஜூன் இறுதியில் உள்நாட்டுப் போரின்போது அழிந்தது. அயர்லாந்தின் பல நூற்றாண்டு ஆவணங்கள் சாம்பலாயின. கட்டடத்தைத் திரும்ப எழுப்பினார்கள். தாள்களை எழுப்ப முடியவில்லை. சாரம் கட்டும் முன்பே கட்டுகளை வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

நிலநடுக்கப் பகுதியில் இருந்தால்?

சுவரெல்லாம் கான்கிரீட் போர்த்துவது ஒன்றே வழியல்ல. கட்டடத்தை அடித்தளத்திலிருந்து பிரித்து, நகர்ந்து கொடுக்கும் தாங்கிகளின் மேல் உட்கார வைக்கலாம். 1989 நிலநடுக்கத்தில் சேதமடைந்த சான் ஃபிரான்சிஸ்கோ மேல்முறையீட்டு நீதிமன்றத்தை அப்படித்தான் காப்பாற்றினார்கள். செலவு பெரிது, மேலே உள்ள சலவைக்கல்லும் வண்ணப் பதிப்புகளும் தொடப்படாமல் தப்பியது லாபம்.

காவலறைகளை என்ன செய்வது? கசப்பான நினைவுகள் இருக்கின்றனவே.

உணவகமாக்கிக் கம்பிக் கதவுக்குப் பின்னால் படமெடுத்துக்கொள்ளச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. தென்னாப்பிரிக்கா வேறு வழி காட்டியது. ஜொகன்னஸ்பர்கில் பழைய கோட்டைச் சிறை இருந்த வளாகத்தில் அரசியல் சாசன நீதிமன்றத்தை எழுப்பி 2004இல் திறந்தார்கள். விசாரணைக் கைதிகளை அடைத்திருந்த பகுதியை இடித்தபோது கிடைத்த செங்கற்களைக் கொண்டே விசாரணைக் கூடத்தில் சுவர் வைத்தார்கள். அந்தப் பகுதியின் படிக்கட்டுக் கூண்டுகளையும் நிற்கவிட்டார்கள். உங்கள் கட்டடத்திலும் யார் அடைபட்டார்கள் என்பதை எழுதிவையுங்கள். சுவரில் கைதிகள் கீறிய பெயர்கள் இருந்தால் மேலே பூசிவிடாதீர்கள்.

வேலை நடக்கும்போதே நீதிமன்றம் இயங்க முடியுமா?

சிறகு சிறகாகப் பிரித்து இயக்கலாம். ஆனால் துளைபோடும் சத்தத்தில் சாட்சியம் பதிவாகாது. சத்தமான வேலைகளை அமர்வு இல்லாத நேரத்துக்குத் தள்ளினால் ஒப்பந்தக்காரர் கூடுதல் கூலி கேட்பார். இரண்டையும் கணக்கிட்டால் பெரும்பாலும் முழுவதையும் தற்காலிகமாக இடம்மாற்றுவதே மலிவு.

மதிப்பீடு ஏன் எப்போதும் எகிறுகிறது?

மூடியிருக்கும் சுவரைப் பார்த்து மதிப்பிடுவதால். உத்தரங்களின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும். உளுத்துப்போவது அந்த முனைதான். ஒப்பந்தம் கோரும் முன்பே சில இடங்களில் பூச்சை நீக்கி, மெல்லிய துளைக்கருவியால் மரத்தின் உள்ளுறுதியைப் பாருங்கள். பழைய ஈய வர்ணம், கல்நார் தகடு, கூரைக்கடியில் புறா எச்சம் ஆகியவற்றையும் அப்போதே சோதியுங்கள். இவற்றை அகற்றத் தனி ஏற்பாடும் தனிச் செலவும் உண்டு. அதன் பிறகும் எதிர்பாராச் செலவுக்கென்று ஐந்தில் ஒரு பங்காவது ஒதுக்கச் சொல்வேன். குறைவாக ஒதுக்கிய திட்டங்களில் கடைசியில் வெட்டப்படுவது எப்போதும் தச்சுவேலையும் ஒலியமைப்பும்தான்.

திறப்பு விழாவுக்குப் பிறகு?

ஒரு பராமரிப்புப் பதிவேடும் அதற்குப் பொறுப்பான ஓர் ஆளும் வேண்டும். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் கூரை வாய்க்கால்களைச் சுத்தம் செய்ய வேண்டும். கூரைக்குள் ஏறிப் பார்க்க விளக்கும் நடைபலகையும் நிரந்தரமாக இருக்க வேண்டும். ஏற வசதியில்லாத இடத்தை யாரும் பார்ப்பதில்லை. பயன்படுத்திய சுண்ணாம்பின் வகை, மணலின் தன்மை, கலவை விகிதம், வர்ணத்தின் குறியீடு எல்லாவற்றையும் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதி, ஒரு பிரதியைக் கட்டடத்திலேயே வைத்துவிடுங்கள். அடுத்த முறை காரை பெயரும்போது வரும் கொத்தனார் சிமெண்ட் மூட்டையோடு வந்து நிற்காமல் இருக்க அதுவே வழி.